பாகூர் ஏரியை எந்த வரைபடத்தில் காட்டுவது? புதுச்சேரி ஊரகக் கொம்யூன்களின் புவியியல் குறித்து

பரப்பு இவ்வளவு, மழை இவ்வளவு, விளைபொருள் இவை என்று நிர்வாக எல்லையிலிருந்து தொடங்குவதே ஒரு வட்டாரத்தின் புவியியலைச் சொல்லும் வழக்கமான முறை. பள்ளிப் பாடநூலும் அரசு அறிக்கையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளை இந்த முறையில் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே மழையையும் மண்ணையும் வேளாண்மையையும் ஒன்றாக இணைக்கும் அலகு ஏரி. ஏரி என்றால் கரைக்குள் தேங்கிய நீர் மட்டுமில்லை. வரத்து வாய்க்காலின் தலைப்பு முதல் ஆயக்கட்டின் கடைமடை வயல் வரை உள்ள நிலம் முழுவதும் அதில் அடங்கும்.

மழையிலிருந்து தொடங்கலாம். பாகூர் வடக்கு அட்சரேகை 12 பாகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஏறக்குறைய அதே அட்சரேகையில் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தி நகரும் நடு அமெரிக்காவின் மனாகுவாவும் உள்ளன. ஜிபூத்தியின் சராசரி ஆண்டு மழை 200 மி.மீ.-க்கும் குறைவு. மனாகுவாவில் ஆயிரம் மி.மீ.-க்கு மேல் பெய்கிறது. ஆனால் மே முதல் அக்டோபர் வரை, வெயில் உச்சத்தில் இருக்கும் பாதியாண்டில். மழைக்காலமும் வறட்சிக்காலமும் மாறி மாறி வரும் வெப்பமண்டல நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பொது விதி. சோழமண்டலக் கரை அந்த விதிக்கு விலக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் இங்கு வந்து சேர்கிறது. ஆடி, ஆவணியில் கிடைப்பது பெரும்பாலும் மாலை நேரத்து இடிமழை. ஐப்பசியில் காற்று திரும்பி வங்கக்கடல் வழியே வரும்போதுதான் பெருமழை. புதுச்சேரியின் ஆண்டுச் சராசரி சுமார் 1,300 மி.மீ.; அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது.

கொட்டும் விதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், புதுச்சேரியில் சுமார் 46 செ.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31 அன்று பதிவான 21 செ.மீ. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் விழுந்திருக்கிறது. 'ஆண்டுச் சராசரி' என்ற எண் இந்த நிலத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இரண்டு மூன்று புயல்களில் வருவதைத் தேக்கி, பங்குனி வரை பயிருக்குக் கொடுக்க வேண்டும். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் எழுந்ததற்குக் காரணம் இதுவே. அவற்றுள் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி.

மண்ணும் இதற்கு ஒத்துப்போகிறது. கோரிமேட்டின் செம்மண், கடலூர் மணற்கல் என நிலவியலார் குறிக்கும் படிவத்தின் மேற்பரப்பு. ஈரத்தோடு பிடித்தாலும் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். வில்லியனூரில் சங்கராபரணி ஆறு கொண்டுவந்த வண்டல். பாகூர் வயலில் ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் அறுபடாமல் கயிறாக நீளும். அதே வயல் சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நீரை உள்ளே இறங்கவிடாமல் நிறுத்திவைக்கும் இந்தக் களிமண் இல்லாமல் சம்பா நெல் இல்லை. இன்னும் கிழக்கே போனால் மணப்பட்டில் கடற்கரை மணலும் சவுக்கும். ஒரு சிறு வட்டாரத்துக்குள் நான்கு வகை நிலம். இதை 'வளமான சமவெளி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பிழை.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்த விளைச்சலுக்கு நீண்ட வரலாறு உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில், வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பதிவுசெய்கின்றன. கற்பிப்போரையும் கற்போரையும் தாங்கும் உபரி அந்த ஊர்களில் இருந்தது என்பதே இதன் பொருள்; ஒழுங்கான பாசனம் இல்லாமல் அந்த உபரி கிடைத்திருக்காது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாப் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அளித்தபோது கைமாறியதும் இந்த ஏரிப்பாசன ஊர்களின் வருவாய்தான் என்று நான் கருதுகிறேன்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடையாகக் கிடைத்தவை ஊர்கள். அந்த ஊர்களுக்கு வரும் நீரின் பாதை கொடையில் சேரவில்லை. புதுச்சேரிப் பகுதி இன்றும் தமிழ்நாட்டு நிலத்தின் ஊடே துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். ஆட்சி மாறியது, எல்லையின் வடிவம் மாறவில்லை. பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்கால் தென்பெண்ணை ஆற்றிலிருந்து பிரியும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. சங்கராபரணியின் குறுக்கே உள்ள வீடூர் அணையும் தமிழ்நாட்டுடையது. ஊசுட்டேரியின் நடுவிலேயே எல்லைக்கோடு போகிறது. அந்த ஒரே நீர்ப்பரப்பின் தன் பகுதியைப் புதுச்சேரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, பின்னர் தமிழ்நாடு தன் பகுதியைத் தனியே அறிவித்தது. நாரைக்கும் கொக்கிற்கும் இல்லாத எல்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் இந்த எல்லைப் பிரிவின் விளைவு தெரிந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட நீர், தென்பெண்ணைக் கரையிலுள்ள பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. புதுச்சேரியில் பெய்த மழையை மட்டும் வைத்து அந்த வெள்ளத்தை யாரும் கணித்திருக்க முடியாது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சொர்ணவாரி நெல்லும் கரும்பும் இன்று ஆழ்துளைக் கிணற்றை நம்பியே நிற்கின்றன. மோட்டார் இருக்கும்போது ஏரியை அடிப்படை அலகு என்பது பழம்பெருமை பேசுவதாகாதா? நடைமுறை குறித்து இம்மறுப்பு சொல்வது உண்மை. ஏரி நீரை எதிர்பார்க்காமல் சித்திரையில் நாற்றுவிட முடிவது மோட்டாரால்தான். ஆனால் மோட்டார் இறைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? மேலடுக்கு வண்டலுக்குள் இறங்குவதில் ஏரியிலிருந்து கசிவதும் ஒரு பங்கு. ஆழத்திலுள்ள மணற்கல் அடுக்கு மேற்கே, பெரும்பாலும் தமிழ்நாட்டு மேட்டுநிலத்தில் வெளிப்பட்டு, அங்கே மழையை உறிஞ்சிக் கடலை நோக்கிச் சரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியில் துளையிட்டபோது இந்த அழுத்தத்தால் நீர் தானாகவே மேலே பொங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இல் அந்தக் கிணறுகளைப் பற்றி எழுதினார். இன்று அதே நிலத்தில் நீரை ஆழத்திலிருந்து இழுக்க வேண்டியிருக்கிறது. கடலோரப் பகுதிகளில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. ஆகவே ஆழ்துளைக் கிணறு ஏரியின் கணக்கிலிருந்து விடுபட்டதாகாது. அந்தக் கணக்கைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றியிருக்கிறது, அவ்வளவே.

ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு 1990களின் இறுதியில் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் தூர்வாருதலோடு நில்லாமல் பாசனதாரர் சங்கங்களையும் அமைத்தது. அலகைச் சரியாகக் கண்டுகொண்ட முயற்சி என்று அதை மதிக்கிறேன். ஆயினும் புதுச்சேரி அரசின் திட்டம் புதுச்சேரி எல்லைக்குள்தான் இயங்க முடியும். வாய்க்காலின் தலைப்பு அதற்கு வெளியே இருக்கிறது.

கொம்யூன் வாரியாக மழை, பயிர், நிலத்தடி நீர் என்று அட்டவணை தயாரிப்பதோடு, ஏரி வாரியாகவும் ஒரு பதிவேடு வேண்டும் என்பதே என் முன்மொழிவு. பாகூர் ஏரிக்கான பக்கத்தில் சாத்தனூரின் நீர்த்திறப்பு, சொர்ணாவூரில் ஆற்றின் மட்டம், பங்காரு வாய்க்காலில் வந்த நீரின் அளவு, மதகு திறந்த நாள், கலிங்கல் வழிந்த நாள், ஆயக்கட்டுக் கிணறுகளின் மட்டம், கரையோரக் கிணறுகளின் உப்பு ஆகியவை ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இரண்டு அரசுகளின் அலுவலர்களும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். பாகூர்ப் பள்ளி மாணவர் தம் ஊரின் புவியியலை அதிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.