கீமோவுக்கு மறுநாள் போடும் ஊசி எதற்கு? அதைப் போட்டும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

கீமோதெரபி முடிந்து கிளம்பும்போது, "நாளைக்கு வந்து ஒரு ஊசி போட்டுக்கோங்க" என்று சிலரிடம் சொல்லி அனுப்புவார்கள். மருந்துதான் ஏற்கெனவே ஏத்தியாச்சே, இது எதுக்கு என்ற குழப்பம் பல வீடுகளில் உண்டு.

இது புற்றுநோயைக் கொல்லும் ஊசி அல்ல. கீமோவால் குறையும் வெள்ளை அணுக்களை மீட்டெடுக்கும் ஊசி.

வெள்ளை அணு ஏன் குறைகிறது?

வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. புற்றுநோய் செல் எது, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உருவாக்கும் செல் எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இவை 500-க்குக் கீழே போனால், சாதாரண தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

நியூட்ரோஃபில்களை உருவாக்கச் சொல்லி மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதம் நம் உடலிலேயே சுரக்கிறது. அதன் ஆய்வக வடிவம்தான் ஃபில்கிராஸ்டிம். 1991-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைத் தினமும் போட வேண்டும். 2002-ல் வந்த பெக்ஃபில்கிராஸ்டிம் உடலில் அதிக நாள் தங்கும் என்பதால் ஒரு சுற்றுக்கு ஒன்றே போதும்.

இன்னொரு நாள் அலையணுமா, இன்னைக்கே போட்டுடுங்க என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி தேவை. ஊசியால் புதிதாகப் பெருகும் செல்களையும், உடலில் மிச்சமிருக்கும் கீமோ மருந்து அழித்துவிடும்.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. காய்ச்சலுடன் வெள்ளை அணு குறையும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் உள்ள கீமோ என்றால் முதல் சுற்றிலேயே தருவார்கள். அதற்குக் கீழே என்றால் வயது, மற்ற நோய்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். முடி கொட்டுவது, வாந்தி, ரத்தசோகை ஆகியவற்றுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை.

இடுப்பு, முதுகு எலும்பில் வலி வரலாம். மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதே காரணம். சில நாட்களில் குறையும். அரிதாக மண்ணீரல் பாதிக்கப்படலாம். இடது மேல்வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தால்?

சிக்கல் இங்கேதான். ஊசி ஆபத்தைக் குறைக்கும், முழுசா நீக்காது. நியூட்ரோஃபில் இல்லாத உடலில் சீழ், வீக்கம், சிவத்தல் எதுவும் சரியாகத் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். எலும்பு வலிக்கு என்று பாராசிட்டமால் போட்டால் அதுவும் மறைந்துவிடும். எனவே மாத்திரைக்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது அவசியம்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான். காலையில் பார்த்துக்கலாம் என்ற பேச்சே கூடாது. மருத்துவமனை போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பதே சிகிச்சை விதி. அவசரப் பிரிவில் டோக்கனுக்குக் காத்திருக்காமல், "கீமோ நடக்குது, கடைசியா இந்தத் தேதியில ஏத்தினாங்க" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, சிகிச்சை ஃபைலைக் காட்ட வேண்டும்.