மார்பகப் புற்றுநோய் சிகிச்சை

மார்பகத்தில் தோன்றும் புற்றுக்கட்டியை நீக்கி, அது மீண்டும் வராமல் தடுக்கும் மருத்துவ முறைகள். நோயின் நிலையையும் திசுப் பரிசோதனை முடிவையும் பொறுத்து இவை அமையும்.

அறுவை சிகிச்சை: கட்டி சிறிதெனில் அதை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தருவர், பெரிதெனில் பெரும்பாலும் மார்பகம் முழுவதையும் அகற்ற நேரும். பின்னர், சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலேற்றும் பயிற்சி தோள் இறுகாமல் காக்கும்.

மருந்துகள்: கீமோதெரபி, ஹார்மோன் ஏற்பியுள்ள கட்டிக்கு 5 முதல் 10 ஆண்டுகள் தினமும் தமாக்சிஃபென் மாத்திரை, ஹெர்2 புரதம் மிகுந்த கட்டிக்கு டிராஸ்டுசுமாப் ஊசி.

மையங்கள்: ராஜகுளம் வட்டாரத்தினருக்கு அருகிலிருப்பது, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார்.

தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலியில்லையே என்று நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவதே உயிர் காக்கும்.