பெயரின் வகையும் பொருளின் வகையும்

வன்னி நிலப்பரப்பின் ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈறு, நீர்நிலையின் வகையைச் சுட்டி நிற்பது. கனகராயன்குளம், நொச்சிமோட்டை, முத்தையன்கட்டு, தண்ணீரூற்று என்பவற்றைக் கேட்ட அளவிலேயே, இது குளம், இது சிறு மோட்டை, இது அணைகட்டித் தேக்கியது, இது ஊற்று என அறிய முடிகின்றது. 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிக் கைந்நூல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில நிருவாகியும் இவ்விடப்பெயர்களில் ஈடுபாடு கொண்டவரே.

ஆயின் ஈற்றை மட்டும் நம்புதல் தகாது. மடு என்பது ஆற்றிடையே நீர் தங்கும் ஆழ்பள்ளம். இரணைமடுவோ இன்று கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பெற்ற பெருநீர்த்தேக்கம். இதனாலேயே மக்கள் 'இரணைமடுக்குளம்' என இன்னொரு வகைப்பெயரையும் சேர்த்து வழங்குகின்றனர் போலும். பெயர் தான் பிறந்த காலத்து வகையையே காட்டுகின்றது.

அக்குளத்திற்கு அண்மையில், அறிவியல்நகரிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கே கணினி பயில்வோர் திரையிற் காணும் கருவிப் பெயர்களுக்கும் இதே வரலாறு உண்டு.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை ஆக்கத் தொடங்கினர். அதிலே ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பாகவே கொள்ளப்பட்டுக் குறும்பெயர் பெற்றது. எழுத்துக்கள் வகையையும், தொடரும் எண் அவ்வகையில் அது எத்தனையாவது என்பதையும் உணர்த்தின. 'ஆர்.கே.' என்பது டிஜிற்றல் நிறுவனத்தின் அப்பெயருடைய வட்டு, 'ரி.ரி.வை.' என்பது தொலைத்தட்டச்சுப் பொறி. அப்பொறி இன்று அருங்காட்சியகப் பொருளாயிற்று. எனினும் லினக்ஸ் கணினியில் கட்டளை தட்டும் வெறுந்திரை இன்றும் ரி.ரி.வை. எனவே அழைக்கப்படுகின்றது.

யாவரும் அறிந்த சான்று 'சி' வட்டாகும். வட்டுகளுக்கு எழுத்திடும் வழக்கு, 1974இல் கரி கில்டோல் ஆக்கிய சி.பி.எம். முறைமையிலும் இருந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாட் கணினியில் ஏ, பி என்பன நெகிழ்வட்டுகளுக்கு உரியன. 1983இல் வெளிவந்த எக்ஸ்.ரி. கணினியில் வன்வட்டு இடம்பெற்றபோது அதற்குச் சி என்னும் எழுத்து வாய்த்தது. நெகிழ்வட்டு வழக்கொழிந்தது, ஏ, பி என்பன வெறுமையாயின, சி மட்டும் தன் இடத்தினின்றும் பெயரவில்லை. காடு மூடிய பின்னும் பெயர் மாத்திரம் வழங்கும் குளங்களை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

1991இல் லினஸ் தோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸிலே சிக்கல் மேலும் நுண்ணியதாயிற்று. தொடக்கத்தில் 'எச்.டி.' என்பது ஐ.டி.ஈ. வட்டையும் 'எஸ்.டி.' என்பது ஸ்கசி வட்டையும் குறித்தன. 2007ஐ ஒட்டி முன்னையதும் எஸ்.டி. என்பதனுள் அடங்கலாயிற்று. விரலளவான யு.எஸ்.பி. நினைவகமும் ஸ்கசிக் கட்டளைகளையே ஏற்பதால், அதுவும் எஸ்.டி.யாகவே தோன்றுகின்றது. ஆகவே அப்பெயர், கருவி எதுவென்பதைக் காட்டுவதிலும் பார்க்க, கணினி அதனோடு எம்மொழியிற் பேசுகின்றது என்பதையே காட்டுகின்றது எனல் பொருந்தும். ஈற்றில் வரும் ஏ, பி என்பனவோ கண்டறியப்பட்ட வரிசையே. மறுமுறை கணினியை இயக்கும்போது அவை இடம் மாறவுங்கூடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக்கால இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் உறுதிகளையும் ஒளிப்படங்களையும் இழந்தனர். எஞ்சியவற்றின் படிகளை வட்டிலே சேமித்து வைத்திருக்கும் குடும்பமொன்றை எண்ணுக. நினைவகமெனக் கருதி 'எஸ்.டி.பி.'யை அழிக்கும் ஒருவன், அவ்வட்டையே அழித்துவிடலாம். கொள்ளளவையும் ஆக்கியோன் பெயரையும் தொடரிலக்கத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே அறிந்தோர் அழிக்கும் கட்டளையை இடுவர்.

யுனிக்ஸ் மரபிலே, இயக்க முறைமையின் கருவும் பெயரைக் கொண்டு கருவியை அறிவதில்லை. ஒவ்வொரு பெயரின் பின்னும் இரண்டு எண்கள் உள்ளன: ஒன்று எச்செலுத்தி நிரல் அதனை ஆள்கின்றது என்பதையும், மற்றது அதன்கீழ் எக்கருவி என்பதையும் சுட்டும். விரிவான பட்டியலைக் கேட்பார்க்கு மட்டுமே அவ்வெண்கள் தோன்றும்.