ஐந்தாவது பூஜ்யம்

மக்களே, மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்ப ஐஎஃப்எஸ்சி கோடு தட்டறோம் இல்லையா? மொத்தம் 11 இடம். முதல் 4 வங்கிக்கு, கடைசி 6 கிளைக்கு. நடுவில் ஐந்தாவதா எப்பவும் ஒரு பூஜ்யம். சும்மா இல்லீங்க, பிற்காலத் தேவைக்கு ஒதுக்கின இடம் அது.

அல்சூரில் எனக்கு அக்கம்பக்கமெல்லாம் சாஃப்ட்வேர்காரங்க. பி.காம். படிச்ச நான் அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சரித்திரம் ஒண்ணு இருக்கு. அதிலும் இதே பூஜ்யம்தான் ஹீரோ.

லினக்ஸில் கெர்னல் என்பது கவுன்ட்டருக்கு உள்ளே இருக்கற ஆபீசர். நாம ஓட்டற புரோகிராமெல்லாம் வெளியே நிற்கற கஸ்டமர். திரையில் படம் வரணும்னா சலான் எழுதி உள்ளே நீட்டணும். 2009-ல் 2.6.29 பதிப்போடு வந்த சலானுக்கு 'ஆட்எஃப்பி'ன்னு பேர். அகலம், உயரம், புள்ளிக்கு எத்தனை பிட்... அவ்வளவுதான். வெளிச்சத்தைத் தனியா, நிறத்தைத் தனியா வைக்கும் வீடியோ படத்துக்குக் கட்டமே இல்லை. காலி இடமும் விடலை.

பழைய சலானை மாத்திடலாமே? கூடாது! கெர்னல் புதுசானதால் நேத்து ஓடின புரோகிராம் இன்னிக்கு நிற்கக்கூடாதுங்கறது லினஸ் டோர்வால்ட்ஸின் கறார் விதி. அதனால 2012-ல், 3.3 பதிப்பில், 'ஆட்எஃப்பி2'ன்னு புதுச் சலானே அடிச்சாங்க. பழசும் செல்லும்.

புதுசில் நாலு அடுக்குக்கு இடம், கூடவே 'கொடி'ன்னு ஒரு கட்டம். தெரியாத கொடி வந்தா கெர்னல் அப்படியே திருப்பிடும். அந்தக் கறார் 2015-ல் கைகொடுத்தது. படம் நினைவகத்தில் எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்லும் வசதி தேவைப்பட்டப்போ மூணாவது சலான் அடிக்கலை. அடியில் சில வரி, ஒரு புதுக் கொடி, அவ்வளவே. பழைய புரோகிராம் நீட்டற குட்டைச் சலானில் இல்லாத வரிகளைக் கெர்னல் பூஜ்யமா எடுத்துக்கும்.

இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரில் வேலை பார்த்த டேனியல் வெட்டர் 2013-ல் இந்தப் பாடங்களைத் தொகுத்து எழுதினார். காலி இடம் விட்டா மட்டும் போதாது. அதில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் திருப்பணும். இல்லேன்னா யாராவது குப்பையை நிரப்பி அனுப்புவாங்க, அதுவும் ஓடும். பின்னாடி அந்த இடத்தைத் தொடவே முடியாது. செக்கில் தொகைக்கு அப்புறம் 'மட்டும்' எழுதிக் கோடு இழுக்கறோமே, அதே ஜாக்கிரதை!

நம்ம ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஊரில் இருக்கற அம்மாவோட முகம் தினம் திரையில் தெரியறதுக்குப் பின்னாடி இப்படிச் சலான் அடிச்சவங்களோட முன்யோசனை நிறைய இருக்கு.

உங்க வேலையிலும் இப்படி வேணும்னே காலியா விட்ட கட்டம் உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்க :-)