நூற்றுக்கு எத்தனை பேர்? பவேரியா மக்கள் போட்ட சட்டம்

ஒரு ஊரின் நகரமன்றம் ஒரு முடிவு எடுக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த தேர்தல் வரை பொறுத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி உண்டா?

ஜெர்மனியின் பெரும்பாலான ஊர்களில் 1990 வரை இதற்கு "இல்லை" என்பதுதான் பதில். பாடன்-வுர்ட்டம்பர்க் என்ற ஒரு மாநிலத்தில் மட்டும் 1956 முதல் மக்கள் கையெழுத்து திரட்டி, உள்ளூர் விஷயத்தைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடிந்தது. பக்கத்து மாநிலமான பவேரியாவுக்கு இந்த உரிமை வந்த கதை சுவாரசியமானது. அங்கே அதை அரசு கொடுக்கவில்லை, மக்களே எடுத்துக்கொண்டார்கள்!

பவேரியாவில் 1957 முதல் தொடர்ந்து ஆட்சி நடத்துவது சி.எஸ்.யூ. கட்சி. உள்ளூர் வாக்கெடுப்பில் அதற்கு ஆர்வம் இல்லை. ஆனால் 1946-ல் எழுதப்பட்ட மாநில அரசியல் சாசனத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கேட்டால், ஒரு சட்ட வரைவு மாநில மக்களின் வாக்கெடுப்புக்குப் போகலாம். "இன்னும் அதிக ஜனநாயகம்" என்று பொருள்படும் பெயரில் இயங்கிய ஓர் அமைப்பு அந்தக் கதவைத் தட்டியது.

அது எளிதான வேலை அல்ல. இந்தக் கையெழுத்தைக் கடைத்தெருவில் நின்று வாங்க முடியாது. ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு வாரத்துக்குள் அரசு அலுவலகத்துக்குப் போய், அங்குள்ள பட்டியலில் கையெழுத்திட வேண்டும். 1995 பிப்ரவரி குளிரில் சுமார் 12 லட்சம் பேர் அப்படிப் போனார்கள். தேவை 10 சதவீதம், கிடைத்தது 13.7. சட்டமன்றம் தன் பங்குக்கு ஒரு போட்டி வரைவை முன்வைத்தது. 1995 அக்டோபர் 1 அன்று வாக்களித்தவர்களில் 57.8 சதவீதம் பேர் மக்களின் வரைவையே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் விதிகள் தாராளமானவை. சிறிய ஊர் என்றால் வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். ஊர் பெரிதாகப் பெரிதாக இந்த அளவு குறையும். 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில் 3 சதவீதம் போதும். வாக்கெடுப்பில் குறைந்தபட்சம் இத்தனை பேர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வந்து வாக்களித்தவர்களில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் வெற்றி. அந்த முடிவு மூன்று ஆண்டுகள் மன்றத்தைக் கட்டுப்படுத்தும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. 1997-ல் பவேரியா அரசியல் சாசன நீதிமன்றம் இந்த விதிகளில் சிலவற்றைச் செல்லாது என்றது. மிகச் சிலர் மட்டும் வாக்களித்து எடுக்கும் முடிவு, எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த மன்றத்தை மூன்று ஆண்டுகள் கட்டிப்போட்டால், உள்ளாட்சியின் சுயாட்சி என்ன ஆவது என்பது அதன் கேள்வி. நியாயமான கேள்விதான்.

எனவே 1999-ல் விதி திருத்தப்பட்டது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு "கோரம்" புதிதல்ல. கம்பெனிக் கூட்டத்தில் குறைந்தபட்சம் இத்தனை உறுப்பினர்கள் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். பவேரியாவின் கோரம் இன்னும் கடினமானது. இது வந்தவர்களை எண்ணுவதில்லை, வென்ற பக்கத்தின் வாக்குகளை எண்ணுகிறது. 50,000 பேர் வரை உள்ள ஊரில் மொத்த வாக்காளர்களில் 20 சதவீதம், ஒரு லட்சம் வரை 15, அதற்கு மேல் 10. முடிவு கட்டுப்படுத்தும் காலமும் ஓராண்டாகச் சுருங்கியது.

வெறும் எண்கள்தானே என்று தோன்றலாம். மியூனிக் நகரத்தைப் பாருங்கள். 2004-ல் முன்னாள் மேயர் கியோர்க் குரோனாவிட்டர் தலைமையில் ஒரு கோரிக்கை எழுந்தது. நகரின் அடையாளமான அன்னை மரியா பேராலயத்தின் கோபுரங்களைவிட உயரமாக, அதாவது 100 மீட்டருக்கு மேல், கட்டடங்கள் வேண்டாம் என்பதே அது. வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 22 சதவீதம்தான். அதில் ஆதரவு 50.8. மொத்த வாக்காளர்களில் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 சதவீதம். 10 சதவீதக் கோட்டை மயிரிழையில் தாண்டியது!

2012 ஜூனில் மியூனிக் விமான நிலையத்துக்கு மூன்றாவது ஓடுபாதை வேண்டுமா என்ற வாக்கெடுப்பு நடந்தது. வந்தவர்கள் 32.8 சதவீதம், அதில் எதிர்த்தவர்கள் 54.3. மொத்தத்தில் ஏறத்தாழ 18 சதவீதம். பெரிய நகரம் என்பதால் செல்லுபடியானது. இதே விகிதம் ஒரு சிறிய ஊரில் வந்திருந்தால் 20 சதவீத விதியால் தோற்றிருக்கும். விமான நிலையத்தில் நகரத்தின் பங்கு 23 சதவீதமே. ஆனாலும் அதன் சம்மதமின்றி ஓடுபாதை போட முடியாது. சட்டப்படி ஓராண்டுதான் கட்டுப்பாடு என்றாலும், அதன் பிறகும் நகரமன்றம் மக்களின் முடிவை மீறவில்லை. அந்த ஓடுபாதை இன்றுவரை கட்டப்படவில்லை.

கோரம் கூடாது என்பவர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. கோரம் இருந்தால், எதிர்ப்பவர்கள் வாதாடவே வேண்டாம். பேசாமல் வீட்டில் இருந்தாலே கோரிக்கை தோற்றுவிடும். கோரம் இல்லாவிட்டாலோ, ஒரு சிறு கூட்டம் ஊருக்கே முடிவு எழுதிவிடும்.

1990-க்குப் பிறகு மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக இந்த உரிமையைத் தந்தன. 2005-ல் கடைசியாக பெர்லின் சேர்ந்தது. இன்று உரிமை எல்லா இடத்திலும் உண்டு. எத்தனை கையெழுத்து, எத்தனை வாக்கு, எத்தனை காலம் என்ற விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. மக்களுக்கு உரிமை இருக்கிறது என்று சட்டம் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த உரிமை உண்மையில் யார் கைக்கு எட்டும் என்பதை அடுத்த வரியில் இருக்கும் சதவீதம்தான் சொல்கிறது.