ஆழாக்கு மல்லாட்டை எத்தனை கிராம்?

பாட்டி சொன்ன பக்குவத்தில் "ஒரு ஆழாக்கு வேர்க்கடலை" என்று இருந்தால், டவுன்ல பலர் 200 கிராம் போட்டுடறாங்க. பொடி காரமில்லாமப் போயிடுது. ஆழாக்கு என்பது கொள்ளளவு, எடை இல்லை.

எங்க தென்னாற்காடு பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னு பேர். மணிலாக்கொட்டை என்பதுதான் அப்படி மருவிப்போச்சு. அந்தக் காலத்தில் இதையும் படியில்தான் அளந்தாங்க. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால்.

ஆனா படி ஊருக்கு ஊர் மாறும். தலைதட்டி அளப்பது ஒண்ணு, கோபுரமா குவிச்சு அளப்பது ஒண்ணு. வாங்க பெரிய படி, கூலி கொடுக்க சின்னப் படி வச்சிருந்த மிராசுகளும் உண்டு. முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்கணும்னு 1940களில் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர்கள் போராடினாங்க. 1956இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோ புழக்கத்துக்கு வந்தது.

பழைய மெட்ராஸ் படி சுமார் 1.6 லிட்டர். அதில் உரிச்ச மல்லாட்டை தலைதட்டி அளந்தா ஏறக்குறைய ஒரு கிலோ நிக்கும். உழக்கு கால் கிலோ, ஆழாக்கு 125 கிராம். தோலோட அளந்தா இதில் சுமார் பாதிதான்.

இப்போ சில கடையில் ஒரு லிட்டர் டப்பாவையே படின்னு சொல்றாங்க. அதில் உரிச்ச கடலை 600 கிராம்தான் பிடிக்கும். பார்த்து வாங்குங்க.