மே 8: யாருடைய வெற்றித் திருநாள்?

தமிழோடு வரலாறும் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு உண்டு. சில நாட்களுக்கு முன் மாணவனொருவன் எழுந்து, இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவில் முடிவுற்றது மே 8 ஆம் திகதியா, 9 ஆம் திகதியா என வினவினான். அவன் படித்த இரு நூல்கள் இருவேறு திகதிகளைக் கூறின. விடை எளிது. 1945 மே 7 ஆம் திகதி பிரான்சின் றேம்ஸ் நகரில் ஜேர்மனியப் படைத்தலைமை சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டது. மறுநாளிரவு அது நடைமுறைக்கு வந்தது. சோவியத் யூனியனின் வற்புறுத்தலால், அன்று நள்ளிரவையண்டிப் பேர்லினில் மீண்டும் கையொப்பமிடப்பட்டது. அவ்வேளை மொஸ்கோ மணிக்கூடு நள்ளிரவைக் கடந்திருந்தது. ஆதலின் மேற்கே 8, கிழக்கே 9.

மாணவன் நிறைவோடு அமர்ந்தான். எனக்கோ அவ்விடை நிறைவளிக்கவில்லை. மணிக்கூட்டு வேறுபாட்டைச் சொன்ன நான், அதனினும் பெரியதொரு வேறுபாட்டைச் சொல்லாது விட்டேன். அந்த மே 8 யாருக்கு விடுதலை நாள், யாருக்குச் சாவு நாள் என்பதே அது. பிரான்சின் வரலாற்றில் மே 8 ஆம் திகதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இவ்வுண்மை தெளிவாகும்.

1902 மே 8 காலை, பிரெஞ்சுக் குடியேற்றநாடாயிருந்த மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. சென் பியர் நகரம் சில நிமிடங்களிற் சாம்பராயிற்று. ஏறத்தாழ 28,000 மக்கள் மாண்டனர். உலகம் கண்ணீர் வடித்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நிவாரணத்துக்கென 200,000 டொலர் ஒதுக்கியது. மலை கொன்றால் துக்கங்கொண்டாடுவது அரசுகளுக்கு எளிது. குற்றவாளியைத் தேடவேண்டிய தொல்லை அங்கில்லை.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, அதே மே 8 இல், பாரிஸ் மாநகரம் ஹிட்லரின் வீழ்ச்சியைக் கொண்டாடியது. கொண்டாடத்தக்க வெற்றியே அது. பாசிசத்தின் தோல்வியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அன்று காலை கிழக்கு அல்ஜீரியாவின் செட்டிஃப் நகரிலும் மக்கள் அதே வெற்றியைக் கொண்டாட ஊர்வலஞ் சென்றனர். நேசநாடுகளின் கொடிகளோடு அல்ஜீரியக் கொடியும் உயர்ந்தது. சிறைப்பட்டிருந்த தலைவர் மெசாலி ஹாஜை விடுவிக்குமாறும், நாட்டுக்குச் சுதந்திரம் வழங்குமாறும் கோரிக்கைகள் எழுந்தன. கொடியைப் பறிக்கப் பொலிசார் முயன்றனர். துப்பாக்கிகள் வெடித்தன. புசீத் சால் என்ற இளைஞன் வீழ்ந்தான்.

வெகுண்டெழுந்த மக்கள் கைக்கெட்டிய ஐரோப்பியரைத் தாக்கினர். அந்நாட்களில் ஏறத்தாழ நூறு ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். அவருட் பலர் சாதாரண மக்களே. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் பிரெஞ்சு அரசு அதற்குக் கொடுத்த பதில் தண்டனையன்று, படுகொலை. விமானங்கள் குண்டு வீசின. போர்க்கப்பல் கரையோர மலைக்கிராமங்கள்மீது பீரங்கி முழங்கிற்று. கெல்மா நகரில் குடியேறிகளின் ஆயுதக்குழுக்கள் கண்டவரைச் சுட்டன. மாண்டோர் ஆயிரத்துக்குச் சற்று மேல் என்றது பிரெஞ்சு நிர்வாகம். 45,000 என்கிறது அல்ஜீரியா. வரலாற்றாசிரியர் பலர் இவ்விரண்டுக்குமிடையே பல்லாயிரம் என மதிப்பிடுவர். எரிமலைக்கு இரையானோரை எண்ணிய அரசு, தான் கொன்றோரை எண்ண விரும்பவில்லை.

இத்தாலியப் போர்க்களங்களிற் பிரான்சுக்காக அல்ஜீரியர் இரத்தஞ் சிந்தியிருந்தனர் என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும். பிரான்சின் விடுதலைக்காகப் போராட அவர்களுக்கு உரிமையிருந்தது. தம் விடுதலையைக் கேட்கவோ உரிமையிருக்கவில்லை.

இதுவரை கூறியவற்றை முற்போக்காளர் எவரும் தயக்கமின்றி ஏற்பர். இனிக் கூறுவது கசப்பானது. அன்றைய பிரெஞ்சு அரசாங்கத்திற் கம்யூனிஸ்டுகளும் பங்குபற்றியிருந்தனர். விமானத்துறை அமைச்சர் சார்ள் தில்லோன், நாஜிகளை எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்டு வீரர். கட்சியின் பத்திரிகையான லுமானித்தே, செட்டிஃப் கலகத்தை ஹிட்லரியக் கையாட்களின் தூண்டுதலெனப் பழித்தது. பின்னர் சிறைப்பட்டோரின் பொதுமன்னிப்புக்காக அக்கட்சி குரலெழுப்பியது உண்மையே. ஆனால் குண்டுகள் விழுந்த நாட்களில் அக்குரல் எழவில்லை.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? பாரிசிலே தொழிலாளர் வெற்றிபெற்றால் குடியேற்றநாடுகளின் விடுதலை தானே பின்தொடரும் என்று அவர்கள் கருதினர். அடிமைப்பட்ட மக்களின் எழுச்சி தம் திட்டத்துக்கு முந்தி வந்தபோது, அதைச் சதி என்றனர். நம்மைக் கேளாது எழுந்த மக்களைச் சந்தேகிக்கும் இந்நோய் பிரான்சுக்கு மட்டும் உரியதன்று. இடதுசாரி இயக்கம் எங்கெல்லாம் ஆட்சியிற் பங்கு தேடுகிறதோ அங்கெல்லாம் அது தொற்றக்கூடும்.

சுட்டவர்கள் விதைத்தது என்ன? அன்று செட்டிஃபிற் பதினைந்து வயது மாணவனாயிருந்த கதெப் யாசின் கைதாகிச் சிறைசென்றான். அச்சிறுவனே பின்னர் 'நெஜ்மா' நாவலை (1956) எழுதிய பேரெழுத்தாளன்.

1954 மே 8 இல், இந்தோசீனப் பிரச்சினையை ஆராயும் ஜெனீவா மாநாட்டமர்வு தொடங்கியது. முதனாள்தான் வியட்நாமியரிடம் டியன் பியன் பூ வீழ்ந்திருந்தது. வெற்றித் திருநாளன்று பிரான்சின் பிரதிநிதி தோற்றவராய் மேசையில் அமர்ந்தார். அக்கோட்டையைக் காத்த படையில் அல்ஜீரியரும் இருந்தனர். ஆறு மாதம் நிறைவதற்குள், நவம்பர் 1 இல், அல்ஜீரியப் புரட்சி வெடித்தது. 1962 இல் நாடு விடுதலை பெற்றது.

பிரான்சு 1981 இல் மே 8 ஐ மீண்டும் பொதுவிடுமுறையாக்கியது. அல்ஜீரியா 2020 இல் அதே நாளைத் தேசிய நினைவு நாளாகப் பிரகடனஞ் செய்தது. ஒரு கரையில் வெற்றிமாலை, மறுகரையில் துக்கம். இடையிற் கடல் ஒன்றுதான்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, முதனாள் நான் சொன்னது பாதி விடையே என்றேன். மீதியையும் கரும்பலகையில் எழுதினேன். பரீட்சைக்கு இது வருமா, சேர் என்று கேட்டான். வராது என்றேன். அவன் எழுதிக்கொண்டான்.